பங்கு பிரித்த வரலாறு

கள்ளக்குறிச்சியில் நான் மேல்நிலை வகுப்புப் படித்த விடுதியில் வரலாற்றுப் பாடத்தை யாரும் தனியாகப் படித்ததில்லை. வரலாற்றுப் பிரிவிலிருந்து விடுதியில் ஐந்து பேர் இருந்தோம். காலாண்டுத் தேர்வுவரைக்குமான பகுதியும் ஐந்து பாடங்களாக இருந்தது. ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டோம். ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தின நாள் மாலை, விடுதியின் பின்புறம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிக் கிடந்த துவைக்கிற கல்லைச் சுற்றி உட்கார்ந்து, மறுநாளைக்கான சீருடைக்குச் சோப்புப் போட்டுத் தேய்த்தபடியே ஒவ்வொருத்தியும் தன் பாடத்தைச் சொல்வாள். மற்ற நால்வரும் கேட்டுக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டை யார் தொடங்கியது என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு முன் அங்கே படித்தவர்களிடமிருந்து வாளியும் கொடிக்கயிறும் வந்ததுபோல அதுவும் எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தது.

சிந்துவெளியும் மௌரியரும் ஒரே ஊரிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அக்கா தங்கை இருவருக்கு. பல்லவர், என் கட்டிலுக்கு அடுத்த கட்டில்காரிக்கு. அவள் கச்சிராயபாளையத்திலிருந்து வந்தவள்; அவள் வீட்டில் குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தார்கள். சோழர், சங்கராபுரத்துக்காரிக்கு. எங்களுள் வாய் ஓயாதவள் அவள்தான். சங்க காலம் எனக்கு. தமிழ்ப் பாடத்தில் எனக்கு மதிப்பெண் வரும் என்பதால் அதை என் தலையில் கட்டினார்கள் என்று சொல்லலாம். நான் கேட்டு வாங்கினேன் என்றும் சொல்லலாம்.

என் வீடு வெள்ளிமலையில். அப்பா இன்னொருவருடைய ஜீப்பை மலைப்பாதையில் மேலும் கீழுமாக ஓட்டிக்கொண்டிருந்தார். மலையிலிருந்து வந்தவள் என்பதால் நான் பேசுவதில்லை என்று விடுதியில் நினைத்தார்கள். நான் மலையிலும் பேசியதில்லை. உணவுக்கூடத்தில் மற்றவர்கள் நெருக்கியடித்து உட்காரும் வரிசையின் கடைசியில் எனக்கு ஓர் இடம் தானாகவே அமைந்துவிட்டிருந்தது. அங்கே உட்கார்ந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் ஆள் இருக்கும். அந்த ஆளும் பெரும்பாலும் எனக்கு முதுகு காட்டித்தான் இருப்பாள். யாருக்கும் என்மேல் வெறுப்பு இல்லை. என்னிடம் பேசுவதற்கு ஏதும் இல்லை, அவ்வளவுதான்.

துவைக்கிற கல்லருகே மட்டும் அப்படி இல்லை. அங்கே என் முறை வந்தால் நான் பேசியாக வேண்டும், அவர்கள் கேட்டாக வேண்டும். குறிஞ்சி, முல்லை என்று நான் சொல்லிக்கொண்டு போகும்போது சங்கராபுரத்துக்காரி தேய்ப்பதை நிறுத்திவிடுவாள்.

"ஏண்டி, வூட்ல பேசவே மாட்டியா? எல்லாத்தையும் இதுக்குன்னு சேத்து வச்சிக்கினு இருக்கியா?"

"அத வுடு, அந்த நெய்தல இன்னோரு வாட்டி சொல்லு" என்பாள் கச்சிராயபாளையத்துக்காரி.

பிறகு அவர்கள் முறை வரும். சங்கராபுரத்துக்காரி சோழர்களைப் பேருந்து நடத்துநர் ஊர்ப் பெயர்களைக் கூவுவதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். பெயர் மறந்த இடத்தில் "அவன்தாண்டி, அந்தப் பெரியவன்" என்று போய்விடுவாள். நாங்கள் சிரிப்போம். நானும் சிரிப்பேன். சோப்பு நுரை முழங்கைவரை வழிய, யாராவது ஒருத்தி என்மேல் தண்ணீர் தெளிப்பாள். மற்ற நாட்களிலெல்லாம் நான் அந்த ஒரு மாலையைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த முறையில் மற்ற நால்வரும் தேறினார்கள். நான் தவறினேன்.

முதல் மாதத் தேர்வில் அது நடந்தது. கேட்டதை நினைவு வைத்து எழுத அவர்களால் முடிந்தது. பாதி சரி, பாதி தவறு, நடுவில் ஓர் ஊகம் என்று எல்லாக் கேள்விக்கும் ஏதோ எழுதிவிட்டு வந்தார்கள். எனக்குக் கை வரவில்லை. உறுதியாகத் தெரியாத ஒன்றை மையால் எழுதுவது எனக்குப் பொய் சொல்வதுபோல் இருந்தது. தெரிந்த ஒரே கேள்வியை, சங்க காலத்தை, எழுதினேன். எழுதிக்கொண்டே இருந்தேன். மணி அடித்தபோது அந்த ஒரு விடையின் முடிவுரையில் இருந்தேன்.

வரலாற்று ஆசிரியை விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"சங்க காலத்துக்கு மட்டும் எத்தன அடிஷனல் ஷீட் வாங்கியிருக்கே, பாரு. மௌரியருங்கமேல உனக்கு இன்னா கோவம்? அவங்க உன்ன இன்னா பண்ணாங்க?"

வகுப்பு சிரித்தது.

"நேரம் பத்தல டீச்சர்."

"நேரம் பத்தலியா, படிக்கலியா?"

மற்றவர்கள் சொல்லக் கேட்டேன் டீச்சர் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கேட்பது வேறு, படிப்பது வேறு என்று அவர் சொல்லியிருப்பார். அப்போது அந்த வேறுபாடு எனக்குப் புரிந்திருக்காது.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. தமிழ் டீச்சர்கிட்ட குடு, சந்தோஷமா மார்க் போடுவாங்க. எனக்கு எல்லாக் கேள்விக்கும் கொஞ்சங் கொஞ்சம் இருந்தா போதும்மா. உக்காரு."

அடுத்த வாரம் காலை வழிபாட்டில் தலைமையாசிரியை ஓர் அறிவிப்புச் செய்தார். காலாண்டுத் தேர்வில் தவறுகிறவர்கள் மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு, பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு குறையாமல் பார்த்துக்கொள்ளப் பல பள்ளிகளில் இருந்த வழக்கம்தான் அது. ஊரில் வீடு உள்ளவர்களுக்கு அது அவமானம் மட்டும். எனக்கு, பள்ளியில் பெயர் இல்லையென்றால் விடுதியில் கட்டில் இல்லை. கட்டில் இல்லையென்றால் மலைக்குத் திரும்ப வேண்டியதுதான். மலைக்குத் திரும்பியவள் அங்கிருந்தே படித்துத் தேர்வெழுதிக் கல்லூரிக்குப் போனதாக நான் அறிந்தவரை ஒருத்தியும் இல்லை. மேலே போனால் அடுப்பும் தண்ணீர்க் குடமும் தம்பியும் காத்திருக்கும். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். அவர் ஒன்றும் சொல்லாமலேயே என் படிப்பு முடிந்துவிடும்.

இத்தனையும் தெரிந்தும் நான் மற்ற நான்கு பாடங்களைப் படிக்கவில்லை.

சோம்பி உட்கார்ந்திருக்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். விடியலில் எழுந்தேன். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக் கால அட்டவணை எழுதினேன். மௌரியர் என்று எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். அட்டவணை கோணலாக இருந்ததால் வேறொரு தாளில் மறுபடி எழுதினேன். புத்தகத்துக்குப் புதிதாகப் பழுப்பு அட்டை போட்டேன். மௌரியர் பாடத்தைத் திறந்தேன், தலைப்பைப் படித்தேன், அதற்கு முன் சங்க காலத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தோன்றியது. பார்த்தேன். பள்ளி மணி அடித்துவிட்டது. இப்படியே நாட்கள் போயின. பார்க்கிறவர்களுக்கு நான் அந்த விடுதியிலேயே மிகுதியாகப் படிக்கிறவளாகத் தெரிந்தேன். "ஏய், அவ படிச்சிக்கினு இருக்கா, சத்தம் போடாத" என்று கச்சிராயபாளையத்துக்காரி மற்றவர்களை அதட்டியதுகூட உண்டு.

காலாண்டுத் தேர்வு நெருங்கிய நேரத்தில் போராட்டம் வந்தது. ஒரு சாதியாருக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு வட மாவட்டங்களெங்கும் சாலை மறியல் என்று முன்பே சுவரெழுத்துகள் சொல்லிக்கொண்டிருந்தன. வகுப்பில் பலருடைய தந்தையும் அண்ணனும் அதில் இருந்தார்கள். வேறு பலர் அதைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை மாற்றப் பழகிக்கொண்டார்கள். வரலாற்றுப் புத்தகத்தின் கடைசிப் பாடம் இந்த ஒதுக்கீடு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியதுதான். ஒரு மாணவி அதைக் குறித்துக் கேட்டபோது ஆசிரியை, "அது கடேசிப் பாடம்மா. எந்த வருஷமும் அதுவரைக்கும் போனதில்ல. மார்ச் வந்துடும்" என்றார்.

மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் பள்ளி மூடியது. தேர்வு எப்போது என்று சொல்லவில்லை. சாலை திறந்த பிறகு பார்க்கலாம் என்றார்கள். மாலைக்குள் விடுதி காலியானது. சிலரைத் தந்தைமார் சைக்கிளில் வந்து அழைத்துப்போனார்கள். சங்கராபுரத்துக்காரி கடைசிப் பேருந்தின் படியில் நின்றபடி போனாள்.

"பரீட்ச எங்க வரப்போவுது! தீபாவளிக்குத்தான்" என்று கத்தினாள். "வந்து சொல்லிக்கலாம், வுடு!"

கச்சிராயபாளையத்துக்காரியின் அண்ணன் டி.வி.எஸ். ஐம்பதில் வந்திருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டு, "உங்கப்பா வருவாரில்ல?" என்று கேட்டாள். வருவார் என்றேன். அவன் அவசரப்படுத்தினான். போய்விட்டார்கள்.

அப்பா வரவில்லை. ஜீப்பின் சொந்தக்காரர் அந்த வாரம் வண்டியைக் கீழே இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகவும், நான் விடுதியிலேயே பத்திரமாக இருக்கும்படியும், மலையிலிருந்து நடந்து இறங்கி வந்த ஒருவர் வாசலில் நின்றபடி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த தெருவிலிருந்த விடுதிக் காப்பாளர் காலையும் மாலையும் எட்டிப்பார்த்தார். சமையல் செய்யும் அக்கா இரவில் என்னோடு தங்கினார். மற்றபடி அந்த நீண்ட கூடத்தில், சுருட்டி வைத்த படுக்கைகளோடு வரிசையாகக் கிடந்த கட்டில்களுக்கு நடுவே நான் மட்டும் இருந்தேன்.

சாலையில் ஓசையே இல்லை. சேலம் சாலையின் பேருந்து ஒலி அந்தக் கூடத்துக்குள் எப்போதும் இருந்ததை, அது நின்ற பிறகுதான் அறிந்தேன். புளிய மரங்களை வெட்டிச் சாலையில் குறுக்கே போட்டிருப்பதாக அக்கா சொன்னார். கடைத்தெரு முழுவதும் அடைத்துக் கிடக்கிறது என்றார். பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்தித் தாழிட்டுவிடுவார்.

முதல் நாள் மதியம் பெரிய குண்டான் நிறையச் சோறு கொண்டுவந்து வைத்தார்.

"இவ்ளோ எதுக்குக்கா?"

"ஒருத்திக்கு ஆக்கறது எப்பிடின்னே மறந்துபோச்சு பாப்பா. கையி தானா ஜாஸ்தியாப் போட்டுடுது. கம்மியாப் போட்டா பயமா இருக்குது."

நாங்கள் இருவரும் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம். வரிசை இல்லாததால் கடைசி இடமும் இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் நான் சிறிது நேரம் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

முதல் இரண்டு நாட்கள் வழக்கம்போல அட்டவணை எழுதினேன். அதன் பிறகு எழுத முடியவில்லை. அட்டவணை என்பது யாரோ பார்ப்பதற்காக எழுதப்படுவது என்பதும், பார்க்க யாரும் இல்லாத கூடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போடுவது கேலியாக இருப்பதும் எனக்கு உறைத்தது. தேர்வு தீபாவளிக்குத் தள்ளிப்போகலாம். சாலை திறந்த மறுநாளே வந்துவிடவும் கூடும். வந்துவிட்டால், நால்வரும் உரிய நேரத்தில் திரும்பிவருவார்கள் என்பதற்கு என்ன உறுதி? அவர்கள் வராமல் தேர்வு மட்டும் வந்தால் நான் மறுபடியும் சங்க காலத்தை எழுதிவிட்டு, மலைக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான்.

அடுத்த நாள் பல் துலக்குவதற்கு முன், படுக்கையைச் சுருட்டுவதற்கும் முன், மௌரியர் பாடத்தைத் திறந்தேன். தலைப்பில் நிற்காமல் நடுவில் ஒரு பத்தியில் தொடங்கினேன். ஆட்சிமுறை. ஒரு பக்கம் மட்டும். படித்ததும் புத்தகத்தை மூடித் தலையணைக்கடியில் வைத்துவிட்டேன். கையில் பேனாவையும் எடுக்கவில்லை. எடுத்தால் அழகாக எழுதத் தொடங்கிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். படித்ததைச் சொல்லிப் பார்க்க வேண்டும். யாரிடம் சொல்வது?

மௌரியருக்குரியவளின் கட்டில் எதிர் வரிசையில் இருந்தது. அதன் முன் போய் நின்று சொன்னேன். முதலில் முணுமுணுப்பாக வந்தது. பாதியில் தடுமாறியது. புத்தகத்தை எடுத்துத் தடுமாறிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, மூடி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மூன்றாம் முறை தடுமாறவில்லை. அதன் பிறகுதான் பல் துலக்கப் போனேன்.

அந்த வாரத்தின் மிச்ச நாட்களிலும் அப்படியே படித்தேன். கடினமாக இருப்பதைக் காலையில் எடுத்துக்கொண்டேன். சங்க காலத்தை, அது எவ்வளவு அழைத்தாலும், மாலைவரை தொடவில்லை. ஒரு பக்கம் படிப்பது, மூடுவது, சொல்வது. மதியத்தில், காலையில் சொன்னதைப் புத்தகம் பார்க்காமல் ஒரு கேள்விக்கான விடையாக எழுதுவது. அதுவும் ஒரு தாளின் இரு பக்கங்களுக்குள். இரண்டாம் பக்கத்தின் அடிக்கோட்டைத் தொட்டதும், வாக்கியம் பாதியில் நின்றாலும் நிறுத்திவிடுவேன். அந்த நிறுத்தம்தான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. அரைகுறையாய் நின்ற வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோகப் பழகினேன்.

சிந்துவெளியை அதற்குரியவளின் கட்டிலுக்குச் சொன்னேன். பல்லவரை என் பக்கத்துக் கட்டிலுக்கு. சோழரைச் சொல்லும்போது சங்கராபுரத்துக்காரியின் வேகம் என்னையறியாமல் வந்துவிட, நானே நின்றுவிட்டேன்.

சமையல் அக்கா வாசலில் முறத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருகிட்ட பாப்பா பேசிக்கினு இருக்கற?"

"படிக்கறேன்க்கா."

"கட்டில்கிட்டயா? அது பாஸாயிடும்போல இருக்குதே!" சிரித்துவிட்டு அருகில் வந்தார். "நான் வேணா உக்காந்துக்கட்டுமா? ஆனா ஒண்ணு, ராசா கதன்னா கேப்பேன். வரி, வாய்தா எல்லாம் வேணாம்."

கட்டிலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். கொஞ்ச நேரத்தில், "இவுங்களுக்கு வேற வேலையே இல்லியா, சண்டையேதானா?" என்று கேட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டார்.

பல்லவர் பாடத்தை முடித்த மதியம் எனக்கு ஒன்று விளங்கியது. பாடம் சிறியது. ஒரே காலைப் பொழுதில் முடிந்துபோனது. எப்போது வேண்டுமானாலும் நான் அதைப் படித்திருக்கலாம். படித்திருந்தால், துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து, "அப்புறம்?" என்று கேட்க எனக்குக் காரணம் இருந்திருக்காது. அந்த நான்கு பாடங்களையும் நான் தெரியாமலே வைத்திருந்தது, யாராவது எனக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். அட்டவணைகளும் பழுப்பு அட்டையும் சிவப்புக் கோடுகளும் அதைக் காவல் காத்தன. படிப்பைத் தள்ளிப்போடுகிறேன் என்று நினைத்திருந்தேன். உண்மையில், அவர்கள் கூடும் அந்த மாலைக்காக என்னையே தள்ளிவைத்திருந்தேன். இது விளங்கியபோது மகிழ்ச்சி ஏதும் ஏற்படவில்லை. கூடம் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

ஐந்து பாடங்களும் முடிந்தும் சாலை திறக்கவில்லை. தேர்வுக்குத் தேவையில்லாத கடைசிப் பாடத்தையும் படித்தேன். யார் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு இடம் என்ற கேள்வி நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்த மாகாணத்தில் கேட்கப்பட்டதையும், ஆணைகள் வந்ததையும், மறுக்கப்பட்டதையும், மாற்றப்பட்டதையும் படித்தேன். வெளியே மரங்கள் குறுக்கே கிடந்தன. அந்த ஊரில் அந்த வாரம் அப்பாடத்தைப் படித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று முதல்முறையாக மிகவும் விரும்பினேன்.

சாலை திறந்தது. தேர்வு உடனே தொடங்கும் என்று அறிவித்தார்கள். முதல் தேர்வே வரலாறு. முந்தின நாள் மதியத்திலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். கச்சிராயபாளையத்துக்காரி எல்லோருக்கும் கடைசியாக, மாலை வெயில் சாய்ந்த பிறகு வந்தாள். பேருந்து இன்னும் ஒழுங்காக ஓடவில்லை. பாதித் தொலைவு நடந்திருந்தாள். அவளுடைய அண்ணனை மறியலில் பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்திருந்தார்கள். அப்பா அங்கே போயிருக்கிறார் என்றாள். பையை வைத்துவிட்டுச் சீருடையை எடுத்துக்கொண்டு துவைக்கப் போனாள். நாங்களும் போனோம்.

வழக்கம்போல உட்கார்ந்தோம். முதலில் சிந்துவெளி; அதற்குரியவள் ஒழுங்காகச் சொன்னாள். மௌரியரைச் சொன்னவள் ஆட்சிமுறையை விட்டுவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. எனக்குத் தெரிந்தது என்னிடம் இருக்கட்டும், அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம் என்று தீர்மானித்திருந்தேன். தேர்வுக்கு வேண்டியது என் கையில் இருந்தது. அந்த மாலையும் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இடையில் ஒருத்தி என்னைப் பார்த்து, "புரியுதாடி?" என்று கேட்டாள். தலையாட்டினேன்.

என் முறை முடிந்து, பல்லவருக்கு வந்தது. கச்சிராயபாளையத்துக்காரி சட்டையைத் தேய்த்துக்கொண்டே, "நான் தொடவே இல்லடி" என்றாள். தேர்வு மறுநாள் காலையில். நான் காலால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"சரி, வுடு, சோழர முடிச்சிட்டு அத எல்லாரும் சேந்து படிக்கலாம்" என்று சங்கராபுரத்துக்காரி ஆரம்பித்தாள். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தபோது, தகப்பன் கட்டியதை மகன் கட்டியதாகச் சொன்னாள். அது தேர்வில் வந்தே தீரும் என்று ஆசிரியை பலமுறை சொல்லியிருந்த கேள்வி. நான்கு பேரும் அதை அப்படியே எழுதிவிட்டு வருவார்கள். கச்சிராயபாளையத்துக்காரிக்குப் பல்லவரும் இல்லை, இதுவும் போனால் அவள் என்ன எழுதுவாள்?

"மகன் இல்ல. தகப்பன்" என்றேன்.

சங்கராபுரத்துக்காரி தேய்ப்பதை நிறுத்தினாள்.

"உனக்கெப்பிடி தெரியும்?"

"படிச்சேன்."

"சோழரயா? அது என்னுதாச்சே!"

"எல்லாத்தையும்."

"எல்லாத்தையுமா?" அவள் மற்றவர்களைப் பார்த்தாள். "அடிப்பாவி! அப்ப இவ்ளோ நேரம் எதுக்குடி தலைய ஆட்டிக்கினு இருந்த? வேடிக்க பாத்தியா?"

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் பல்லவரைச் சொல்லத் தொடங்கினேன். கச்சிராயபாளையத்துக்காரியைப் பார்த்தே சொன்னேன். தடுமாறாமல், நிறுத்த வேண்டிய இடங்களில் நிறுத்தி, ஒரு கேள்விக்கு இவ்வளவு என்று அளந்து சொன்னேன். பிறகு மௌரியரின் ஆட்சிமுறை. பிறகு சோழர். இடையில் யாரும் குறுக்கே பேசவில்லை. யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை. ஒருத்தி எழுந்துபோய்க் காகிதமும் பென்சிலும் கொண்டுவந்து நான் சொல்வதைக் குறித்துக்கொண்டாள். எப்போது என்று கவனிக்கவில்லை, வட்டமாக இருந்தவர்கள் எனக்கு எதிரே வரிசையாகிவிட்டிருந்தார்கள்.

துணிகளைக் கொடியில் போடும்போது கச்சிராயபாளையத்துக்காரியும் நானும் மட்டும் இருந்தோம். கடைசிப் பாடத்தைப் படித்த நாளிலிருந்து சொல்ல நினைத்திருந்ததை அப்போது சொன்னேன்.

"உங்கண்ணன் எதுக்காகப் போனாரோ, அது நம்ப புக்லயே இருக்குது. கடைசிப் பாடம். நான் படிச்சேன்."

அவள் ஈரச் சட்டையை உதறினாள்.

"எங்கண்ணன் உள்ள இருக்குறான். நீ புக்ல இருக்குதுங்கற."

கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னாள். சட்டையின் மறுமுனையைப் பிடித்துக் கொடியில் போட நான் உதவினேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஐந்து பேரும் தேறினோம். எனக்கு வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண். ஆசிரியை என் விடைத்தாளைத் திருப்பிப் பார்த்து, "அடிஷனல் ஷீட்டே வாங்கலியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தார். தலைமையாசிரியை மாற்றுச் சான்றிதழுக்காக அழைத்தவர்களுள் என் பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வந்திருந்த அப்பாவிடம் சொன்னபோது, அவர் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தபடி, "அப்ப இங்கியே இருப்ப" என்றார். இருப்பேன் என்றேன்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பாடங்களைப் பிரித்தபோது நான் கூடத்தில்தான் இருந்தேன். ஜன்னல் வழியே அவர்கள் பேச்சுக் கேட்டது.

"நாலா பிரி."

"அவளுக்கு?"

"அவளுக்கு எதுக்குடி? அவ எல்லாத்தையும் படிச்சிடுவா. சந்தேகம்னா கேட்டுக்கலாம்."

அதில் மரியாதை இருந்தது. சந்தேகம் வந்தபோது என் கட்டிலுக்கு வந்து கேட்கவும் செய்தார்கள். நின்றபடியே கேட்டு, பதில் கிடைத்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். தேர்வுக்கு முந்தின நாள் மாலை, பின்புறத்திலிருந்து துணி அடிக்கும் ஓசையும் அதன் நடுவே சங்கராபுரத்துக்காரியின் குரலும் வந்தன. ஏதோ ஒரு பெயர் அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும், எல்லோரும் சிரித்தார்கள். என் சீருடையை நான் காலையிலேயே துவைத்து முடித்திருந்தேன். அன்றைக்குரிய பக்கத்தைப் படித்து, புத்தகத்தை மூடி, எதிரே காலியாகக் கிடந்த கட்டிலுக்குச் சொல்ல எழுந்து நின்றேன்.